தண்ணி டேங்குக்குக் கிழக்கே

"இங்க" என்ற சொல்லைக் கேட்டாலே செக்கருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்கன்னா எங்கடா? உன் வீட்டு சமையல்கட்டுலயா?" என்று ஹெட்போனுக்குள் சீறுவார்.

"இங்கதான் அண்ணே, இதோ வரான், இதோ சுடறான்..." என்பதற்குள் அந்தப் பக்கம் கடைசி வண்டி செத்துப் போயிருப்பான். விளையாட்டில்தான். கடலுக்கு நடுவில் ஒரு தீவு, அதில் இருபது அணிகள், அணிக்கு மூன்று பேர். ஒருவரையொருவர் சுட்டுத் தீர்த்து, எந்த அணி மிச்சம் இருக்கிறதோ அதற்கு வெற்றி. ஐம்பத்தொரு வயது ஆள் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். அவர் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

கடைசி வண்டி, செக்கர் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். எதற்கும் கடைசியாக வந்து சேர்வான் என்பதால் அந்தப் பெயர். அணியின் மூன்றாவது ஆள் செக்கரின் தங்கை. கல்யாணமாகி, ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் இருக்கிறாள். கணவர் அச்சகத்தில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஏழு.

விளையாட்டை ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். போனில் பேசினால் "சாப்பிட்டியா", "ஆச்சு", "மழையா அங்க", "இல்லை" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். பாசம் இல்லாமல் இல்லை, பேசப் பழகாத வீடு அது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், "அண்ணா, பசங்க ஆடற மாதிரி ஒரு விளையாட்டு இருக்கு, நீயும் வாயேன்" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம்வரை இருவரும் ஓயாமல் பேசினார்கள். பேச்செல்லாம் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். அதனால் என்ன? அவள் குரல் இரண்டு மணி நேரம் காதுக்குள் இருந்ததே.

நிற்கிற இடத்தைச் சொல்வதில் செக்கரை அடிக்க ஆள் கிடையாது. அது அவருடைய தொழில் கொடுத்த புத்தி. இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் துணியில் குறை பார்த்தவர், செக்கர் என்ற பெயரே அதனால்தான். சாய்ந்த கண்ணாடிப் பலகை, அடியில் குழல்விளக்கு, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் துணி. நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் இயந்திரத்தை நிறுத்தி, ஓரத்தில் அம்புக்குறி ஒட்டி, "பதினேழாவது மீட்டர், இடது ஓரத்திலிருந்து ஒரு சாண், நூல் விட்டிருக்கு" என்று எழுத வேண்டும். "எங்கேயோ ஒரு ஓட்டை பாத்தேன்" என்று சொன்னால் வெட்டுகிறவன் என்ன செய்வான்? ஆகவே அணிக்கும் அதே சட்டம்தான். முதலில் நீ நிற்கிற இடம். அடுத்தது நீ பார்த்தது. அதற்கப்புறம் கத்தலாம், அழலாம், அது உன் இஷ்டம்.

தங்கை அந்தச் சட்டத்தைக் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடக் கீழ்த்தளம், கதவுக்கு வலது பக்கம் நான். பாலத்துல ரெண்டு பேர்" என்பாள். தீவுக்கு நடுவில் நெட்டையாக ஒரு தண்ணி டேங்க் நின்றது. மற்ற எல்லா இடத்தையும் அதை வைத்துத்தான் சொல்வார்கள். டேங்குக்குக் கிழக்கே, டேங்க் ஏணிக்குப் பின்னால். கடைசி வண்டியால் மட்டும் கடைசிவரை இந்தப் பாடத்தைப் படிக்க முடியவில்லை.

இதெல்லாம் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்தபோதே செக்கரின் கண் போய்க்கொண்டிருந்தது.

ஓரங்கள்தான் முதலில் போயின. பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது போலச் சுருங்கிக்கொண்டே வந்தது. துணியின் நடுப்பகுதி தெரியும், இரண்டு கரைகளும் தெரியாது. ஒரு சரக்கில் பதினோரு ஓட்டைகள் அவரைத் தாண்டிப் போய், வெட்டி, தைத்து, சட்டையாகி மடித்து வைக்கிற நேரத்தில்தான் பிடிபட்டன. மேலாளர் நல்ல மனிதர், திட்டவில்லை. மறுநாளிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற பகுதிக்கு அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது செக்கருக்கு. தங்கையிடம், "எனக்குப் பதவி உயர்வு, இனிமே மேற்பார்வைதான்" என்று சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள்.

ஏன் மறைத்தார் என்றால் அதற்கு அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் இதே நோய். அவருக்குப் பார்வை முழுதும் போனபோது தங்கைக்குப் பத்தொன்பது வயது, செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். செக்கர் ஷிப்டுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் படிப்பை விட்டவள் அவள்தான். கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, தட்டில் எது எங்கே இருக்கிறதென்று சொல்வது, அப்பா கோபத்தில் எறிகிற டம்ளரைப் பொறுக்குவது என்று பதினொரு வருடம். ஒரு சினிமா கிடையாது, ஒரு தோழி கல்யாணம் கிடையாது. அப்பா போனபோது அவளுக்கு முப்பது. அடுத்த வருடமே செக்கர் நாயாய் அலைந்து மாப்பிள்ளை பார்த்தார். தனக்கென்று ஒரு பெண்ணைத் தேட நேரமில்லை என்பார். நேரம் இருந்தது, மனம்தான் இல்லை. தங்கை ரயில் ஏறிப் போன அன்று வெறும் வீட்டில் உட்கார்ந்து அழுதார். அது சந்தோஷ அழுகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இனி இவள் யார் கையையும் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

தன் கண்ணும் போகிறது என்று தெரிந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அல்லது இவரைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். இரண்டும் ஒன்றுதான். அதனால் தெரியக் கூடாது.

நாலு வருடத்துக்கு முன்னால் கண் டாக்டர், "இது குடும்பத்துல வர்றது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்லை, சார்."

"இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? ஒருதடவை வந்து பாக்கச் சொல்லுங்க. குழந்தைங்க இருந்தா அவங்களையும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. அவள் நன்றாகத்தானே இருக்கிறாள், வாரா வாரம் எவ்வளவு தெளிவாக இடம் சொல்கிறாள், கண் கோளாறு உள்ளவளுக்கு அது வருமா? இப்படி யோசித்து யோசித்து, நாளடைவில் அதை நம்பவும் செய்துவிட்டார். அவர் செய்த தப்பு இதுதான், இதற்குச் சப்பைக்கட்டு கட்ட நானும் தயாராக இல்லை.

விளையாட்டில் மறைப்பது சுலபமாக இருந்தது. நடுப் பார்வையும் மங்கத் தொடங்கிய பிறகு, விளையாட்டைத் தொலைக்காட்சியில் இணைத்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி மூக்கை நீட்டி உட்கார்ந்துகொள்வார். தீவு மனப்பாடம். எத்தனை அடி நடந்தால் பாலம், எங்கே திரும்பினால் பள்ளிக்கூடப் படி எல்லாம் விரல்களுக்கே தெரியும். எதிரி காலடி ஹெட்போனில் எந்தப் பக்கம் கேட்கிறதோ அதை வைத்து இடம் சொல்வார். நேரில் போய்ப் பார்ப்பதுதான் சிக்கல். லீவு கிடைக்கவில்லை என்று மூன்று வருடம் தட்டிக் கழித்தார். நல்லவேளையாக அவளும் "பசங்களுக்கு ஸ்கூல் அண்ணா" என்று வராமலே இருந்தாள். அவருக்கு அது சௌகரியமாக இருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மூன்று வாரம் விட்டுப்போயிருந்தது. தங்கையின் குழந்தைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். நாலாவது வாரம் பத்து மணிக்கு மூவரும் சேர்ந்தார்கள், கடைசி வண்டி மட்டும் பத்தே காலுக்கு. திரையில் ஏதோ பொடி எழுத்தில் அறிவிப்பு வந்தது. செக்கர் வழக்கம்போலப் படிக்காமல் பொத்தானை அழுத்தித் தள்ளிவிட்டார்.

அன்று ஆட்டம் அபாரமாகப் போயிற்று. கடைசியில் இரண்டே அணிகள். எதிரணியில் ஒருவன்தான் மிச்சம். கடைசி வண்டிகூட உயிரோடு இருந்தான்.

"பள்ளிக்கூட மாடி, மேற்கு ஜன்னல்ல நான். காலடி கேக்குது. தண்ணி டேங்குக்குக் கிழக்கே" என்றார் செக்கர்.

"தெரியறான் அண்ணா," என்றாள் தங்கை. "நான் கீழ, கதவுகிட்ட. டேங்க் ஏணிக்குப் பின்னாடி ஒளியறான்."

"ஏணியை விட்டு வெளியே வந்ததும் சொல்லு."

"சரிண்ணா. இன்னும் அங்கதான் இருக்கான்."

"எந்த டேங்க்?" என்றான் கடைசி வண்டி.

"தண்ணி டேங்க்டா. புதுசா கேக்கறே?"

"அண்ணே, ரெண்டு பேரும் என்ன, சொல்லி வெச்சுக்கிட்டு என்னை ஓட்டறீங்களா? புது அப்டேட்ல அந்த டேங்கை எடுத்து மூணு வாரம் ஆச்சு. வெறும் பொட்டல் அது. அங்க ஏணியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவன் உங்க பின்னாடி படியில ஏறிட்டு இருக்கான்."

செக்கர் திரும்புவதற்குள் குண்டு பாய்ந்தது. அடுத்தது தங்கை. அதற்கடுத்தது கடைசி வண்டி. "நல்லா ஏமாத்தினீங்க போங்க," என்று சிரித்தான். செக்கரும் சிரித்தார். தங்கையும் சிரித்தாள். அவன் வீட்டில் யாரோ கூப்பிட, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருவரும் இணைப்பை வெட்டவில்லை.

மாட்டிக்கொண்டோம் என்பதுதான் செக்கருக்கு முதலில் தோன்றியது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளிக்கலாமா, திரை மங்கல் என்று பழி போடலாமா என்று புளுகுகளைத் தேடினார். நாக்கு நுனிவரை ஒன்று வந்தும்விட்டது. அப்போதுதான் உறைத்தது. டேங்க் என்று சொன்னது இவர் மட்டும் இல்லையே. ஏணிக்குப் பின்னால் ஆள் தெரிகிறான் என்றாளே அவள். இல்லாத ஏணிக்குப் பின்னால் எப்படித் தெரிந்தான்?

 ஹெட்போனில் அவள் மூச்சு கேட்டது.

"பாப்பா."

"ம்."

"உனக்கு எப்போலேருந்து?"

 சின்ன வயதில் தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் பேசுகிற குரலில், "சின்னவளுக்கு ஒரு வயசு இருக்கும்போதே," என்றாள். "ஆறு வருஷம் ஆச்சு."

அவருக்கு முன்பாகவே. ஒன்பது வயது இளையவளுக்கு, அவருக்கும் முன்பாகவே.

"ஏன் பாப்பா சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துப்பே. எனக்காக நீ கல்யாணமே பண்ணிக்கலை. இதுக்கும் உன்னைக் கூப்பிடணுமா? அதான் ஊருக்கும் வரலை. வந்தா கண்டுபிடிச்சிடுவியேன்னு பயம்." நிறுத்தினாள். "உனக்கு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைண்ணா. நீதான் எல்லாத்தையும் அவ்வளவு கரெக்டா சொல்லுவியே. உன்னை வெச்சுத்தான் நானே நடந்தேன்."

செக்கர் அழுதார். சத்தம் வராமல் அழ அவருக்கு வரவில்லை. அந்தப் பக்கம் அவளும் அழுதாள். நாலு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லாமல் விட்டது என் தப்பு, என்னைத் திட்டு என்றார். அவள் திட்டவில்லை. "எனக்கும் டாக்டர் அதையேதான் சொன்னாரு," என்றாள். "உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். கண்ணாடி போட்டா சரியாயிடும்னு நினைச்சிட்டு இருக்காரு."

"பசங்களை டாக்டர்கிட்ட காட்டினியா?"

அவள் அதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்ல ஆரம்பித்தாள். "எனக்கு முதல்ல சாயங்காலத்துலதான் தெரியாம போச்சு. பகல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெளிச்சம் இறங்கினதும் கதவு எது, சுவர் எதுன்னு புரியாது. உனக்கு?"

"எனக்கும் அப்படித்தான்."

"ம்," என்றாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. குழந்தைகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அவர்களை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, பெரியவ இந்த வாரத்துல மூணு தரம் விழுந்துட்டா," என்றாள். "சாயங்காலம் விளையாடிட்டு வரும்போது. வாசப்படியில. பசங்கன்னா விழத்தானே செய்வாங்க, இல்லையா?"

செக்கர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் மறுபடியும், "இல்லையாண்ணா?" என்றாள்.

"ஆமா பாப்பா," என்றார். "பசங்கன்னா விழத்தான் செய்வாங்க."