ராசி எண் ஆறு

பாலக்கரை மெஹ்ரீன் ஒன்பது வருடமாக மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறாள். நெல் அரைத்து அரைத்து முதலாளிகளின் மண்டைக்குள்ளும் உமி ஏறிவிட்டது என்பது அவள் கணிப்பு.

அன்று தர்மராஜின் ஆலையில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓயாமல் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வேறு கட்டியிருந்தார். கம்ப்யூட்டர் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதைச் சொல்லும் எண்ணை மெஹ்ரீன் தேடினாள். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

"யாருங்க மாத்தினது?"

"நான்தாம்மா. ஆறு என் ராசி நம்பர்."

"இதுல அஞ்சுன்னாதான் வழக்கமான திரை வரும். ஆறுன்னா ரீஸ்டார்ட்டுங்க. ஆயுசுக்கும் அதையேதான் செய்யும்."

தர்மராஜ் யோசித்தார். "அப்ப பதினஞ்சு போடும்மா. கூட்டினா ஆறு வருதுல்ல?"

மெஹ்ரீன் ஐந்தைப் போட்டாள். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறினாள்.