ஹர்த்தால் அன்று கழன்ற போல்ட்

சாவியைத் திருப்பச் சொன்னவன் நான்தான். என் மனைவி தானாகத் திருப்பவில்லை. இந்த உண்மையைச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை ஊரிடமும் உறவிடமும் நான் சொல்லிவந்தது பொய்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். வீடு கரமனையில். எங்கள் பழைய காரின் இன்ஜினில் முன்பக்கம் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் அதற்குப் பின்னால் எண்ணெயை அடைத்து நிற்கும் 'சீல்' வளையத்தை மாற்ற முடியும். அந்தப் புல்லியைப் பிடித்து நிற்பது ஒரே ஒரு போல்ட். மறுநாள் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் அன்று ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை, ஒர்க்ஷாப் இல்லை. வீட்டில் அடைந்து கிடக்கும் ஆண்கள் இப்படித்தான் எதையாவது பிரித்துப் போடுவார்கள்.

வண்டியை அதிகம் ஓட்டியது அவள்தான். ஐம்பது தாண்டிய பிறகு கற்றுக்கொண்டாள். வாரம் ஒருமுறை நெடுமங்காட்டில் தனியாக இருந்த அக்காவைப் பார்க்கப் போய்வருவாள். நானும் வருகிறேன் என்றால், "நீங்க வந்தா பிரேக்கு பிரேக்குன்னு உசிர எடுப்பீய. இங்கயே இரிங்க" என்பாள்.

அன்று காலை முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தால் அதோடு சேர்ந்து இன்ஜினும் சுற்றியது. அவளை உள்ளே உட்கார வைத்து, ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இன்ஜின் சுற்றாமல் நின்றது, ஆனால் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினேன். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். தோள்தான் விட்டுப்போனது.

"போதும், மதியாக்குங்க. நாளைக்கு ஒர்க்ஷாப்காரன் வருவாம்லா."

"ஒரு போல்ட்டுக்கு ஒர்க்ஷாப்பா? எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்?"

"அந்தப் போல்ட்டு ஒங்க கிளாஸ்ல படிக்கல போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பும் எரிச்சலும்தான். மிச்சம் இருந்தது ஒரே வழி. கைப்பிடியை வண்டியின் அடிச்சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு, சாவியை ஒரு நொடி திருப்ப வேண்டும். இன்ஜின் சுற்றும், கைப்பிடி சுற்ற முடியாமல் முட்டி நிற்கும், போல்ட் இளகும். இன்ஜின் ஓடத் தொடங்கிவிடாமல் இருக்க, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றினேன். நியூட்ரலில் போடச் சொன்னேன். கைப்பிடி நழுவாமல் கயிற்றால் கட்ட வேண்டும், அதைக் கையால் பிடிக்கவே கூடாது. வருடா வருடம் மாணவர்களுக்கு நான் சொன்னது இது. கயிறு கொல்லைப்புறத்தில் இருந்தது. முட்டி வலியோடு மறுபடி எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடியைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

"கைய எடுத்துட்டீயளா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"திருப்புன்னா திருப்பு" என்றேன்.

திருப்பினாள். கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவே என் விரல்கள் நசுங்கின. போல்ட் கழன்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஹர்த்தால் நாளில் யாரும் மறிக்காமல் இருக்க, 'ஆசுபத்திரி' என்று மலையாளத்தில் எழுதிய தாளைக் கண்ணாடியில் ஒட்டினார். போகும் வழியில், "எந்து பற்றி சாரே?" என்று, என்ன ஆயிற்று என்று கேட்டார். இயந்திரவியல் வாத்தியார் கையை உள்ளே விட்டுக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்வதற்கு முன்பே இவள் சாவியைத் திருப்பிவிட்டாள் என்றேன். பின்சீட்டில் என் கையை ஈரத் துண்டில் ஏந்தியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

கை ஒருவழியாகக் கூடிவிட்டது. பொய்தான் வளர்ந்தது. கல்யாண வீடுகளில் அது கேலிப் பேச்சானது. "அத்தை கையில சாவியக் குடுக்காதீய, அப்புறம் நம்ம கையி நம்மகிட்ட இருக்காது." அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. கேட்டால் கண் சரியில்லை என்பாள். கிழக்கேகோட்டைக்குப் போய், அங்கே பஸ் மாறி நெடுமங்காட்டுக்குப் போனாள். வாராவாரம் போனது மாதம் ஒருமுறையாகக் குறைந்தது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன ஓணத்துக்கு மகன் வந்திருந்தான். சாப்பிடும்போது, அம்மா இனி ஓட்டப்போவதில்லை, காரை விற்றுவிடலாம் என்றான்.

"வித்துருங்க" என்றாள் அவள். "ஒருத்தர் கைய ஒடிச்சவ நான். எனக்கே என்னை நம்பிக்கை இல்லை."

சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். சொல்லிவிட்டேன். அவள் கேட்டது, நான் எரிந்து விழுந்தது, அதற்குப் பிறகே அவள் திருப்பியது, எல்லாவற்றையும்.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?" என்றான் மகன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "இப்ப நீங்க சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்."

"நீங்க அடிச்சுச் சொல்லச் சொல்ல, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். இத்தனை வருசமும்." எழுந்து கை கழுவப் போனாள். அன்று இரண்டாவது பாயசத்தை யாரும் எடுக்கவில்லை.

கேலி செய்த உறவினர்களை ஒவ்வொருவராக ஃபோனில் அழைத்து உண்மையைச் சொன்னேன். பலருக்கு நினைவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். "சாரமில்ல சாரே, அதொக்கெ பண்டல்லே" என்று, பரவாயில்லை, பழைய கதைதானே என்பதுபோல் டீ கொடுத்தார். எல்லோரும் மறந்துவிட்ட ஒன்றை அவள் மட்டும் சுமந்திருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டாச்சுல்லா, விடுங்க" என்றாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

காரை விற்கவில்லை. காலாவதியாகிவிட்ட அவளுடைய லைசென்ஸைப் புதுப்பிக்க அலைந்தேன். டிரைவிங் சொல்லித்தரும் ஒரு பெண்மணியை வரச் சொன்னேன். முதல் நாள் என் மனைவி தெருமுனை வரை ஓட்டிப் போய்விட்டுத் திரும்பினாள், புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. இனி போகமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் போனாள். இப்போது காய்கறி வாங்கத் தனியாகவே போகிறாள்.

ஆனால் கேட்டைத் திறந்துவிட நான் வெளியே நின்றால் அவள் வண்டியை எடுப்பதில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "உள்ள போங்க" என்பாள். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்ஜின் சத்தம் கேட்கும்.