214-ஆம் எண்ணின் உயரம்

14-2-1984: உயரம் 161 செ.மீ., எடை 63 கிலோ, ரத்த அழுத்தம் 168/104.
12-2-1985: 161, 64, 176/108.
11-2-1986: 166, 58, 118/76.
10-2-1987: 166, 58, 120/78.

நாலு வருடப் புத்தகங்களில் இருந்ததை ஒரே தாளில் பெயர்த்து எழுதியபோதுதான் முனிவேலின் பேனா நின்றது. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வருடந்தோறும் அளந்து, இதய நோய் யாருக்கு வரக்கூடும், எதனால் வருகிறது என்று கண்டறியும் ஆய்வு அது. அளப்பவர் முனிவேல். அதற்கு முன் பதினோரு வருடம் கிருஷ்ணகிரி புளிமண்டியில் மூட்டை எடை போட்டவர். தராசு முள் ஆடி நிற்கும்வரை மூச்சு விடமாட்டார் என்று மண்டியில் அவருக்குப் பேர்.

214-ஆம் எண்ணுக்கு அழுத்தம் இறங்கியதில் ஆய்வை நடத்தும் பெங்களூர் டாக்டர் சரோஜம்மாளுக்கு ஏகச் சந்தோஷம். முனிவேலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அழுத்தம் குறையலாம், எடை குறையலாம். நாற்பது தாண்டியவன் ஐந்து சென்டிமீட்டர் வளர்வானா?

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. பிரஷர் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பேரிகைக்குப் பஸ் ஏறினார். 214 என்பது லேத் ஓட்டும் திம்மப்பன். அவர் வீட்டு வாசலில் தம்பி தீர்த்தகிரி ராகி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அதே தொழிற்சாலையில் லோடு ஏற்றும் ஒப்பந்தக் கூலி. ஆய்வில் அவர் இல்லை. அண்ணனின் அதே முகம், தலை மட்டும் ஐந்து சென்டிமீட்டர் மேலே. முனிவேலைக் கண்டதும் மூட்டை நழுவியது.

“அண்ணா, அளவுகாரரு வூட்டுக்கே வந்துட்டாரு. மாட்டிக்கினோம்!”

திம்மப்பன் கைகூப்பிக்கொண்டு வந்தார். “எழுதிப் போட்டுறாதீங்க சார். பிரஷர் இருக்குதுன்னு கிரேன் ஓட்டுனவன எறக்கினாங்க. அப்புறம் அவனுக்கு வேலையே இல்ல. அதுக்குத்தான் தம்பிய அனுப்பிச்சேன்.”

“உன் பேரு கம்பெனிக்குப் போவாதுப்பா. நம்பர் மட்டும் பெங்களூருக்குப் போவுது.”

“கேண்டீன்ல ஃபோர்மேன் பக்கத்துல நின்னு பாக்குறாரே?”

அளவெடுக்கும் மேசையைக் கேண்டீனில் போட்டது முனிவேலே.

திம்மப்பனின் மனைவி கெம்பம்மா கணவரைக் கன்னடத்தில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். “குனிஞ்சு எழுந்தா தலை சுத்துதுங்கறாரு சார். தம்பிக்கு நல்லாருந்தா இவருக்கு நல்லாயிடுமா? கையில கட்டிப் பாருங்க.”

பார்த்தார். 196/122. கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 196/120.

“நாளைக்கு லீவு போடு. ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்.”

“எதுக்கு லீவுன்னு கேப்பாங்களே சார்?”

“பல்லு வலின்னு சொல்லு.”

ஒரு கிராம்கூடக் கூட்டி எழுதாத மனிதர் வாயால் சொல்லிக்கொடுத்த பொய் அது ஒன்றுதான்.

மறுநாள் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, புத்தகங்களோடு சரோஜம்மாள் முன் நின்றார். பொய்யான இரண்டு வரிகளைச் சிவப்பு மையில் அடித்து ‘வேறு ஆள்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

“ரெண்டு வருஷமும் கையெழுத்து உங்களோடதுதானே?”

“ஆமாங்கம்மா. உசரப் பலகை சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் பழைய புத்தகத்தப் புரட்டிப் பாக்கல.”

சரோஜம்மாள் கோபிக்கவில்லை. எல்லாருடைய உயரத்தையும் ஒப்பிடச் சொன்னார். இன்னும் நாலு பேர் ‘வளர்ந்திருந்தார்கள்’. அடுத்த வருடம் முதல் அளவு எடுப்பது தொழிற்சாலைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

திம்மப்பன் ஊறுகாயை அந்த வாரமே விட்டார். பீடியை விட இரண்டு வருடம் ஆனது. ஆய்வு 1992-இல் முடிந்த பிறகு ஒவ்வொரு பிப்ரவரியிலும் முனிவேலுக்கு அவரிடமிருந்து ஒரு தபால் அட்டை வரும். தேதியும் ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களும் மட்டுமே இருக்கும். பெயர் எழுதமாட்டார், பயம் அவ்வளவு.

கடைசியாக வந்தது அட்டை அல்ல, உறையிட்ட கடிதம்.

“சார், போன மாதம் கம்பெனியில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை லேத்திலேயே இருந்துவிட்டேன். 132/84. கெம்பம்மா சுவரோரம் நிறுத்தி அளந்தாள், உயரம் 161. வளரவில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லாததால் அட்டை எழுதமாட்டேன். வருடா வருடம் நேரில் வருகிறேன், நீங்களே கட்டிப் பாருங்கள். இப்படிக்கு, திம்மப்பன்.”

பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

கடிதம் வந்து சேர்ந்தது 18-2-1998, புதன்கிழமை.