அந்த நிலா குலம் அண்ணையுடையது இல்லை

குலம் அண்ணை போய்விட்டார். இன்று காலை, கரம்பொன்னில்... அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

எண்பத்தாறு வயது. இருந்தும் மனம் ஆறவில்லை.

மத்தியானத்துக்குள் ஃபேஸ்புக் முழுக்க அவருடைய ஃபோட்டோ. கீழே எல்லோரும் ஒரே பாட்டின் அதே இரண்டு வரிகளைப் போட்டிருக்கிறார்கள்.

"நிலவும் இங்கே சுடுகுதம்மா
நெஞ்சம் அங்கே அலையுதம்மா"

"தீவகக் கவிஞனின் அழியாத வரிகள்" என்று ஒருவர். இன்னொருவர் அதை வீடியோவாக்கி, பின்னால் ஒரு நிலாவையும் தொங்கவிட்டிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் மேல் இல்லை... என் மேல்.

அந்த இரண்டு வரியும் குலம் அண்ணை எழுதியதில்லை. நான் எழுதியது. இன்றைக்காவது இதைச் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறையில் ஒரே கந்தோரில் நானும் அவரும் கிளாக்கர்மார், அடுத்தடுத்த மேசை. இரண்டு பேருக்கும் பாட்டு எழுதும் பைத்தியம். நம்மவர்களின் மெல்லிசைப் பாட்டுகள் இலங்கை ரேடியோவில் போய்க்கொண்டிருந்த காலம், எங்களுடையதும் ஒருநாள் போகாதா என்ற ஆசை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டோம். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யார் எப்படி எழுதினோம் என்ற கதைதான். சில நாட்களில் வேலணைப் பள்ளிக்கூடத்துப் பரமேஸ் ரீச்சரும் வருவார். அவர் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே ஏறி வருகிறவர்.

நான் ஏதாவது ஒரு சினிமா மெட்டை மனதுக்குள் ஓடவிட்டு, அகராதியில் பொறுக்கிய சொற்களை அதற்குள் திணிப்பேன். நிலா, தென்றல், மலர்... இந்த மூன்றும் இல்லாமல் எனக்குப் பல்லவி வராது.

குலம் அண்ணை கேட்டுவிட்டுச் சிரிப்பார். "உம்மடை பாட்டுக்கை ஆர் ஐசே நிக்கினம்? ஒருத்தரையும் காணேல்லை."

அவர் சொந்தமாக ஒன்றும் யோசிக்கமாட்டார். யாராவது அலுப்பில் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, பேனையால் மேசையில் தட்டித் தட்டி, அது தாளத்தில் விழும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு பாட்டுக்கு ஆறு மாதம். பக்கத்து மேசையில் இருந்த எனக்குத் தலை வெடிக்கும்.

அப்படித்தான் அந்தப் பாட்டும். அவருடைய தமக்கை தங்கம் அக்காவைப் புங்குடுதீவில் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷனுக்குத் தெற்கே தூரத்தில், மாத்தறையில் கடை, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் குலம் அண்ணை போனபோது அக்கா வேறொன்றும் சொல்லவில்லை. கிணறு உப்பாகிவிட்டதாம், அதைச் சொல்வதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லையாம். அவ்வளவுதான். அதுதான் பல்லவி.

அவருடைய கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், என்னுடையது முத்து முத்தாக. அதனால் ரேடியோவுக்கு அனுப்ப நல்ல பிரதி எழுதுவது எப்போதும் நான்தான். பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கையில் தந்தார்.

எழுதிக்கொண்டு வந்தேன்... கிணறு வந்தது. உப்புக் கிணற்றை எவன் ரேடியோவில் போடுவான்?

அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கிணற்றை எடுத்துவிட்டு நிலாவைப் போட்டேன். அவர் எழுதித் தந்த தாளையும் கசக்கி எறிந்தேன். தெரிவாகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

தெரிவாகியது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

ஒலிபரப்பாகிற நாளில் நாங்கள் இருவரும் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா அயலட்டை எல்லாவற்றையும் கூப்பிட்டு வைத்திருந்தார். "இண்டைக்கு என்ரை கிணறு ரேடியோவிலை வரப்போகுது" என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

பாட்டு வந்தது. நிலா வந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா மட்டும் குலம் அண்ணையைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, என்ரை கிணறு எங்கை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே ஐசே."

அதற்குப் பிறகும் பேசினார், மத்தியானச் சாப்பாட்டில் பங்கு தந்தார், என் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தார். ஆனால் பாட்டு... ஒரு வரிகூட என் முன்னால் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் நேரத்துக்கு வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

நான் அறிய, பிறகு எங்கும் ஒன்றும் அனுப்பவும் இல்லை. நாலு பேச்சு ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருடம் இங்கே கனடாவிலிருந்து போன் எடுத்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணை, அந்தக் கிணத்து வரியை ஒருக்காச் சொல்லுங்கோ. எழுதி வைக்கப்போறன்."

"அது அக்கான்ரை பேச்செல்லோ. அவவிட்டைத்தான் கேக்கவேணும்" என்றார்.

தங்கம் அக்கா இறந்து இருபது வருடத்துக்கு மேல்.

பரமேஸ் ரீச்சரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு மெட்டு மட்டும்தான் ஞாபகம். நானும் காலையிலிருந்து முனகிப் பார்க்கிறேன்... உப்பு ஞாபகம் வருகிறது, கிணறு ஞாபகம் வருகிறது, சொற்கள் வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சனியன் பிடித்த நிலாதான் வருகிறது.

தயவுசெய்து அந்த வரிகளை அவர் பெயரில் ஷேர் பண்ணாதீர்கள். போட்டவர்கள் எடுத்துவிடுங்கள்.

உங்கடை பாட்டைத் துலைச்சது நான்தான். போயிட்டு வாங்கோ, குலம் அண்ணை.