ஒழுகாத தொட்டியில் ஓர் எலுமிச்சை

ராயபுரத்தில் பிறந்தவர்கள் பலவிதமாகப் பெயர் எடுத்திருக்கிறார்கள். லோகநாதன் மேஸ்திரி எடுத்த பெயர், ஒழுகலின் எதிரி என்பது. துறைமுகப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இரும்புப் படகுகளுக்கு ரிவிட் அடித்தவர். அவர் கை பட்ட படகுக்குள் கடல் ஒரு சொட்டும் நுழைந்ததில்லை. தெருக் குழாய் சொட்டினால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார். சாவு வீடானாலும் குழாயைத்தான் முதலில் விசாரிப்பார்.

1950இல் அவர் மனைவி பட்டம்மாள், தங்கையின் பிரசவத்துக்காக வியாசர்பாடிக்குப் போய் இரண்டு வாரம் தங்கினாள். முற்றத்தில், அவள் ஏழு வருஷமாக மண்தொட்டியில் வளர்த்த எலுமிச்சை மரம். தொட்டிக்கு அடியில் ஈரம் கசிவதை மேஸ்திரி அப்போதுதான் கவனித்தார். தன் வீட்டிலேயே இப்படி ஓர் அக்கிரமமா? தகட்டை வளைத்து, ரிவிட் அடித்து, இரண்டு பூச்சு தாரும் கொடுத்து, ஓர் இரும்புத் தொட்டி செய்து மரத்தைக் குடியேற்றினார்.

இரண்டு மாதத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. பட்டம்மாள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் காதுபட மரத்திடம் சொன்னாள்.

"நல்லாத்தான கீந்தே. வூடு மாத்தணும்னு நீ யாரையாவது கேட்டியா?"

மேஸ்திரி, மரத்துக்குத் தாகம் என்று முடிவுகட்டி, தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். காலையில் இலைகளை எண்ணினார். பதினோராம் நாள் பத்தொன்பது இருந்தன. இந்தக் கணக்கில் போனால், மரம் போன பிறகும் பட்டம்மாள் பேசமாட்டாள் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பிலோமி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அண்ணாத்தே, மீன் மார்க்கெட்டு கணக்கா நாறுது. வேரு அழுவிக்கினு கீது."

"ஒரு சொட்டு வெளிய வருதா பாரு பிலோமி. என் வேலைம்மா அது."

"அதான் அண்ணாத்தே பேஜாரு."

அன்று இரவு மேஸ்திரி படுத்துக்கொண்டே யோசித்தார். தான் செய்த ஒன்றில் தானே ஓட்டை போடுவதா? பட்டறையில் தெரிந்தால் என்ன ஆவது? ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். தொட்டியின் கீழ் ஓரத்தில், சுத்தியலின் ஆறாவது அடிக்குத் தகடு விட்டது. கறுத்த தண்ணீர் பீச்சியடித்தது.

இருபத்தெட்டு வருஷக் கை சும்மா இருக்குமா? மேஸ்திரியின் கட்டைவிரல் தானாகப் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை.

பின்னால் பட்டம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"கையை எடுய்யா," என்றாள்.

மரத்திடம் அல்ல. அவரிடம். மேஸ்திரி கையை எடுத்தார். வேட்டி நனைந்து போயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவளே இன்னும் மூன்று இடத்தைக் காட்டினாள், அடித்தார். அழுகின மண்ணைத் தோண்டி, ஓட்டு உடைசலும் மணலும் போட்டு இருவருமாக மரத்தை மறுபடி நட்டார்கள். பட்டுப்போன கிளைகளை அவள் வெட்டினாள். அவர் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டாள்.

நான்காவது வாரம் செம்பு நிறத்தில் ஒரு துளிர் வந்தது.

இப்போது மரம் காய்க்கிறது. பட்டறைக்காரர்கள் யாராவது வந்து பார்த்தால், மேஸ்திரி தொட்டியின் ஒரு பக்கமாகப் போய், ஓட்டைகள் தெரியாதபடி காலைச் சேர்த்து வைத்து நின்றுகொள்வார். கால் மட்டும் நனைந்துகொண்டிருக்கும்.