வோல்டேஜ் இல்லாத டிவி

இந்த ஊரில் டெலிவிஷனுக்கு யாரும் சட்டை தைத்துப் போடுவதில்லை. பாரிசுக்கு வெளியே, ரயிலில் அரைமணி நேரத்தில் வந்துவிடும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முதல்முறை வந்த கீழ்வீட்டு மதாம், கூடத்தில் பூப்போட்ட உறைக்குள் உட்கார்ந்திருந்த டிவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவருடைய ஊர்ப்பக்கம் சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்களாம். நான் பதறிப்போய், "இல்லை, தூசிக்காக" என்றேன். அவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். தூசி என்று ஒரு பொட்டு இல்லை. நம்பாமல் என் கையை ஆறுதலாக அழுத்திவிட்டுப் போனார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நீதான் டிவிக்குப் பாவாடை கட்டி வச்சிருக்கே, அவங்க என்ன பண்ணுவாங்க" என்று சிரித்தார்.

அந்தப் பாவாடையைத் தைத்தவர் என் அண்ணி தையல்நாயகி. காரைக்காலில், கோவில்பத்தில், என் அண்ணன் செல்வராசுவின் வீட்டில் இருக்கிறார். எனக்குத் தைத்ததற்கு முன்னால் அவர் இன்னொரு டிவிக்கு உறை தைத்தார். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரிந்திருக்கலாம். கோவில்பத்தில் அது அவ்வளவு பெயர் வாங்கிய பெட்டி.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா வீட்டு மருமகளாக நான் இங்கே வந்து சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். முதல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரிதாக ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. அப்போதுதான் நம் கரையோரம் முழுக்க உயரக் கம்பம் நட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை டிவியைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. ஒரு கலர் டிவியைப் போர்வைகளில் சுற்றி, விமானத்தில் ஏற்றி, மெட்ராசிலிருந்து டாக்சியில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுபோய் இறக்கினேன். அண்ணன் தென்னைமர உயரத்துக்குக் கம்பம் நட்டிருந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது.

சுவிட்சைப் போட்டோம். ஒரு பெண் பாடினாள் என்று நினைக்கிறேன். பல் கறுப்பாக, தலைமுடி வெள்ளையாக, படம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடியது. பாட்டு வரவேண்டிய இடத்தில் அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம். பிரான்சில் டிவி வேலை செய்யும் முறை வேறு, நம் பக்கத்து முறை வேறு என்று யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அந்த நிமிஷத்தில் அண்ணி குறுக்கே போய் டிவியை அணைத்தார். "வோல்டேஜ் பத்தல. பெரிய எடத்து டிவி, நம்மூரு கரெண்ட்டு தாங்கல. எல்லாரும் போயிட்டு நாளைக்கி வாங்க" என்றார், காய்கறிக்காரரிடம் பேசுகிற சாதாரணக் குரலில். எல்லோரும் போனார்கள். வோல்டேஜ் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. லீவு முடிந்து நானும் கிளம்பிவிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து அண்ணி ஒரு கடிதம் எழுதினார். அவர் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். காரைக்கால் கடைத்தெருவில் புதிதாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் நிலையம் ஒன்று வரப்போகிறதாம். டைப்ரைட்டிங் தெரிந்த, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகிய ஒரு பெண் வேண்டுமாம். "எனக்கு அந்த வேலை வேணும் மீனாச்சி. இத்தனை வருஷத்தில் நான் எதுவும் வேணும் என்று கேட்டதில்லை. ஆனால் அந்தப் பெட்டியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மெனாஜ் வேலை செய்கிறேன். பிள்ளைகள் போனபிறகு வகுப்பறைகளைக் கூட்டித் துடைத்து, விளக்குகளை அணைத்துப் பூட்ட வேண்டும். அங்கே கணக்கு சொல்லிக்கொடுக்கும் மதாம் மொரான், புது கம்ப்யூட்டர்கள் வந்ததால் பழையதில் சிலவற்றைக் கழித்துக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். உடனே தூக்கிக் கொடுத்தார். விசைப்பலகை மாதிரி ஒரு தட்டைப் பெட்டி, புரோகிராமைக் கேசட்டில் பதிய ஒரு டேப் ரிக்கார்டர், அவ்வளவுதான். திரை கிடையாது; டிவியில்தான் மாட்ட வேண்டும். "உங்கள் ஊரில் பெரிதெல் உண்டா?" என்று கேட்டார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. ஏதோ டிவி நிலையத்தின் பெயராக இருக்கும் என்று நினைத்து, ஊர் மானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எங்கள் ஊரில் எல்லாம் உண்டு, மதாம்" என்றேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

கம்ப்யூட்டரோடு ஊருக்குப் போய் இறங்கிய மறுநாள் காலை, கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா வாசலில் கூடையை இறக்கினார். என்னைப் பார்த்ததும், "ஏங்க பாரிஸ்காரவங்களே, ஒங்க டிவிக்கி இன்னும் வோல்டேஜ் வரலையாமே? கவருமெண்ட்டுல சொல்லி ஒரு தனிக் கம்பி இழுத்துக் குடுங்களேன்!" என்றார். எனக்குப் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கூடத்தில், பட்டாணிப்பச்சை உறைக்குள், நான் கொண்டுவந்த டிவி அப்படியே இருந்தது. அண்ணி அன்று சொன்ன சொல்லை இத்தனை வருஷமும் காப்பாற்றியிருக்கிறார். யார் கேட்டாலும் வோல்டேஜ் இல்லை. தெருவில் வீட்டுக்கு வீடு ஓடுகிற வோல்டேஜ் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை!

"ஏன் அண்ணி, ஓடாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நல்லாருக்கே! அவ்ளோ தூரத்துலேருந்து ஆசையா தூக்கிட்டு வந்த புள்ளய நாலு பேரு சிரிக்கிறதுக்கு நான் எடங்குடுப்பனா?" என்றார் அண்ணி, மீனை ஆய்ந்துகொண்டே. இந்த அண்ணிக்கு எப்படியாவது அந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் வேண்டுதலுக்கு அன்று சாயங்காலமே சோதனை வந்தது. கம்ப்யூட்டரை மாட்டுவதற்காக அண்ணன் தன் நண்பர் வீட்டுப் புது டிவியை இரவல் வாங்கி வந்திருந்தார். கம்ப்யூட்டரின் வயர் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டு வரிசைப் பல் வைத்த பட்டை பிளக். நண்பரின் டிவியில் இருந்ததோ ஆன்டெனாவுக்கான ஒற்றை வட்ட ஓட்டை. மதாம் மொரான் கேட்ட பெரிதெல், இந்தப் பட்டை பிளக் போய் உட்காரும் ஓட்டைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது? அங்கேருந்து பொட்டி தூக்கிட்டு வராத, வராதன்னு!"

அண்ணி பிளக்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு நேரே போய்ப் பட்டாணிப்பச்சை உறையைக் கழற்றினார்.

"இந்த வாயி நம்ம டிவில இருக்குங்க. பின்னால, இடது பக்கம்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றார் அண்ணன்.

"வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம இதத் தொடைக்கிறது நீங்களா நானா? இதுக்குள்ள தூசி போயிடுமேன்னு பேப்பரு மடிச்சி அடைச்சி வச்சிருக்கேன்."

பேப்பரை எடுத்துவிட்டுப் பிளக்கை அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் திரை நீலமாகி, எழுத்துகள் துல்லியமாக வந்து நின்றன. சாயவில்லை, ஓடவில்லை. ஆன்டெனா வழியாக வரும் படத்தைத்தான் அதற்கு நம்மூரில் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. தன் ஊர்ப் பெட்டி பேசினால் அதற்கு நன்றாகப் புரிந்தது. காரைக்கால் முழுக்கத் தேடினாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற திரை அது ஒன்றுதான் இருந்திருக்கும். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். நான் அண்ணியைக் கும்பிட்டேன், மனசுக்குள்.

அதன்பிறகு லீவு முழுக்க அண்ணிக்குச் சமையல் கிடையாது. சமையல் நானும் அண்ணனும். பிரெஞ்சு விசைப்பலகையில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். அண்ணியின் விரல் 'ஏ' என்று தட்டினால் 'கியூ' விழும். "என்ன மீனாச்சி ஒங்க ஊரு, வாடகை வீடு மாதிரி எழுத்தெல்லாம் எடம் மாறிக் குடியிருக்கு!" என்று வைதுகொண்டே பழகினார். பக்கத்தில் இருந்த புத்தகத்தில் ஆங்கிலக் கட்டளைகள் இருந்தன, விளக்கம் பிரெஞ்சில். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் படித்துச் சொல்வேன். நான் தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் தப்பு என்று காட்டும். அண்ணி என்னை ஒரு பார்வை பார்ப்பார். கடைசி வாரத்தில் வாய்ப்பாட்டைத் தானே போட்டுக் காட்டும் அளவுக்கு ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். நேர்காணலுக்கு முன்பே நான் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டேன். அண்ணி எனக்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்தார். அதுதான் கீழ்வீட்டு மதாமைக் கலங்கடித்த பாவாடை.

ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கேசட் வந்தால் குரல் வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரர் டீ போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, டேப் ரிக்கார்டரில் போட்டார். கீச்சென்று காதைக் கிழிக்கிற சத்தம். "அய்யய்யோ, டேப்பு சிக்கிடுச்சி" என்று எடுக்கப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அந்தக் கீச்சுச் சத்தத்தை லீவு முழுக்கக் கேட்டவள் நான். அது கம்ப்யூட்டருக்கு அனுப்பிய கேசட்.

மறுநாள் வேலை முடிந்ததும் மதாம் மொரானிடம் கெஞ்சினேன். அலமாரியில் மிச்சமிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வகுப்பறை டிவியில் மாட்டிக் கேசட்டை ஓடவிட்டார். கையில் துடைப்பக்கட்டையோடு நின்றிருந்தேன். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஒவ்வொரு வரியாக வந்தது:

"மீனாச்சி, வோல்டேஜ் வந்துடுச்சி. திங்கக்கெழமயிலேருந்து வேலக்கி வரச் சொல்லிட்டாங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று மதாம் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எங்கள் வீட்டில் கரெண்ட் வந்துவிட்டதாம்" என்றேன்.

"அடடா! ரொம்ப நாளாக இல்லையா?"

"பல வருஷமாக, மதாம்."

அவர் முகம் வாடிப்போயிற்று. என் தோளைத் தடவிக்கொடுத்து, போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது என் அன்றாட வேலை. ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில், அண்ணியின் வரிகள் இன்னும் தெரிந்துகொண்டிருந்த அந்த டிவியின் முன்னால் வந்து நின்றேன். கை சுவிட்ச் வரைக்கும் போயிற்று. கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வோல்டேஜ் வந்திருக்கிறது. அதை இங்கேயிருந்து நான் எப்படி அணைப்பேன்?