வடக்கே சூலம்

எங்கள் வீட்டில் சூலம் பார்க்காமல் யாரும் வெளியூருக்குக் கிளம்பியதில்லை. இன்ன கிழமைக்கு இன்ன திசையில் சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது என்று தினசரிக் காலண்டரிலேயே போட்டிருக்கும். போயே ஆகவேண்டும் என்றால் பரிகாரமும் அதிலேயே உண்டு. கிழக்கே என்றால் தயிர், வடக்கே என்றால் பால். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் படியிறங்கினால் தோஷம் இல்லை. நான் இன்றைக்கும் பார்க்கிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு புதன்கிழமை காலை வரைக்கும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பா கரி லோடு அடிக்கும் வண்டி ஓட்டினார். முதலாளி வண்டியை விற்றுவிட்டதும் வேலை போய்விட்டது. ரொம்ப நாள் அலைந்து துபாயில் டிரைவர் வேலைக்கு விசா கிடைத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், சென்னையிலிருந்து துபாய்க்கு இன்னொன்று. கிளம்பும் நாள் செவ்வாய்க்கிழமை.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். துபாய் கடலுக்கு அந்தப் பக்கம், மேற்கே இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். செவ்வாய்க்கு மேற்கே சூலம் கிடையாது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. திருச்சுழி அம்மன் குங்குமத்தை அப்பாவின் நெற்றியில் வைத்து அனுப்பினாள். மாமாதான் மதுரை வரைக்கும் கூடப் போனார். போகும்போது அப்பா என் கன்னத்தைக் கிள்ளி, "நம்ம ஊருக்கு மேல ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் போவேன் தாயி, பாத்துக்கிட்டே இரு" என்றார். விமானமும் அவர் ஓட்டிய லோடு வண்டி மாதிரிதான் என்று நான் நம்பினேன்.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் தெருப் பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே பொட்டலில் போய் நின்றுகொண்டேன். விமானம் வந்தது. எப்போதும் புள்ளியாகத் தெரிவது, அன்றைக்கு அடிவயிறு தெரியும்படி தாழ வந்தது. சத்தமும் ஒரு மாதிரி, இருமுகிற ஆளைப் போல விட்டுவிட்டுக் கேட்டது. கருவேலங்காட்டுக்கு மேலே வளைந்து போனது. போனது, திரும்ப வந்தது.

"ஏலே, இவ அப்பா சொன்னபடியே சுத்துறாருலே" என்றான் ஒருவன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டை எடுத்து வீசினேன். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒரு சுற்று என்று சொன்னவர் எனக்காக மூன்று சுற்றுகிறாரே என்று அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். விமான நிலையத்து வாசலிலிருந்து மாமா பேசுவது எனக்கே கேட்டது. "இன்ஜின் ஒண்ணு நின்னுபோச்சாம்க்கா. எறங்க முடியாம மேலயே சுத்துதாம். தீயணைப்பு வண்டியெல்லாம் உள்ள போகுது." அதோடு பேச்சு அறுந்துவிட்டது.

"அம்மா, அப்பா மூணு சுத்துச் சுத்திட்டாரு" என்றேன் நான்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து வெளியே ஓடினாள். விமானம் வடக்கே, மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் காணவில்லை. சத்தமும் இல்லை. மாமாவுக்குப் போன் போட்டால் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஆளுக்கொரு தைரியம் சொன்னார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

அம்மா அழவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவள், பக்கத்தில் தொங்கிய காலண்டரையே பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாதவள் போல, "மெட்ராசு வடக்கயில்ல இருக்கு" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அவள் துபாய்க்குத் திசை பார்த்தாள். அப்பா முதலில் போனது வடக்கே. செவ்வாய்க்கு வடக்கே சூலம். வீட்டில் பால் இருந்தும் அவர் ஒரு வாய் குடிக்காமல் போய்விட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அம்மனின் பேரை வாய் ஓயாமல் சொன்னேன்.

ஒருவழியாகப் போன் அடித்தது. அப்பாவே பேசினார். எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டார்களாம். "பஸ்ஸு பஞ்சரானா எறங்கி நிக்கிறதில்லையா புள்ள, அது மாதிரிதான்" என்று சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கவைக்கிறார்கள், மறுநாள் காலையில் வேறு விமானம் என்றார். மறுநாள் புதன். புதனுக்கும் வடக்கேதான் சூலம்.

விடிந்ததும் பாலைக் காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் இடம் இல்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டும் அம்மா வாளியைக் கொடுக்காமல், காரியாபட்டி தாண்டியும் நெஞ்சோடு பிடித்தபடியே நின்றாள்.

லாட்ஜ் வாசலில் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார், முந்தின நாள் சட்டையோடு. நெற்றிக் குங்குமம் வேர்வையில் மூக்கு வரை இறங்கியிருந்தது. என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முழங்கால் ஆடியது. சின்னப் பிள்ளையில் ஆட்டுவது போல ஆட்டுகிறார் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஆட்டச் சொன்னேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இன்னைக்கும் வடக்கே சூலந்தான?"

அம்மா ஆமாம் என்றாள்.

"லாட்ஜுல காலண்டரு பாத்தேன். நாளைக்கு வடக்கே சூலம் இல்ல. ஒரு நா தள்ளிப் போனா என்ன?"

ஒரு நாள் தள்ளினால் வேலையில் சேரவேண்டிய தேதி தப்பிவிடும், விசா போய்விடும். அது எனக்கே தெரியும், ராத்திரி மாமா போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் மாமா இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். பால் திரிந்து, தண்ணீர் தனியாக நின்றது.

"பாலு திரிஞ்சிருச்சும்மா" என்றேன்.

அப்பா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் சட்டென்று ஒரு தெளிச்சி வந்தது. "பாத்தியா" என்று மட்டும் சொன்னார்.

அம்மா வாளியை மூடினாள். "பாலுக்கா பஞ்சம்? வாங்கிட்டு வாரேன், இருங்க" என்று ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

கடைக்காரர் கிளாசில் பாலை ஊற்றிக் கொடுத்தார். அம்மா இன்னொரு கிளாசை வாங்கி ஆற்றத் தொடங்கினாள். எதிரே லாட்ஜ் வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்து நின்றது. மாமா பெட்டியை ஏற்றினார். வேன்காரர் ஹாரன் அடித்தார். அம்மா ஆற்றிக்கொண்டே இருந்தாள். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு. நுரை அடங்கிப்போயிற்று, ஆவி நின்றுபோயிற்று. "ஆறிப்போச்சுத்தா, கொண்டுபோய்க் குடு" என்றார் கடைக்காரர். அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை. மறுபடி ஹாரன் அடித்த பிறகுதான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். கிளாசை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினார்.

அம்மன் புண்ணியத்தில் அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு என் அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு நாக்குச் சுட்டுவிடக்கூடாது என்று எவ்வளவு கவனமாக ஆற்றினாள் என்று நினைத்துக்கொண்டேன்.